நக்கிள்ஸ் மலைக்குக் கத்தி வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

ஹந்தானைக்கும் மீமுரைக்கும் கூடாரம் தூக்கிப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். மடக்குக் கத்தி வேண்டாம். பிடியோடு அசையாமல் நிற்கும் நேர்க்கத்தி ஒன்றை, கையில் உள்ள காசுக்கே பார்த்து வாங்கலாம்.

1. நீளத்துக்கு ஆசைப்படாதீர்கள். கயிறு அறுக்க, மரக்கறி வெட்ட, அடுப்புக்குச் சீவல் எடுக்க 10 சென்ரிமீற்றர் அலகு போதும். மலிவுக்குப் பேர்போன சுவீடன் நாட்டு மோரா கத்திகளும் ஏறக்குறைய அந்த நீளந்தான், முதுகு 2.5 மில்லிமீற்றர் கனம்.

2. பட்டறைக் கத்தியை இளக்காரமாக நினைக்காதீர்கள். கொல்லர்கள் பெரும்பாலும் எடுப்பது பழைய லொறி வில்லுத்தகடு. அதில் காபன் நூற்றுக்கு 0.6 அளவில் இருப்பதால் தோய்ச்சல் நன்றாக ஏறும். ஆனால் சிவக்கக் காய்ச்சித் தோய்த்ததோடு விட்டால் அலகு கண்ணாடிபோல் உடையும். மறுபடி இளஞ்சூட்டில், ஏறக்குறைய 220 பாகையில், வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டி எடுக்க வேண்டும். “வாட்டினீர்களா, ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் கூர் ஓரத்தைப் பாருங்கள். மெசின் சாணையில் அழுத்திப் பிடித்த இடத்தில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த இடம் 300 பாகை அளவுக்குச் சூடேறி இளகிவிட்டது; எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. கைபிடிப் பக்கத்து அலகில் சின்ன அரத்தால் மெல்ல ஒரு இழுப்பு. வழுக்கினால் இரும்பு கடினம். கடித்துத் துகள் கொட்டினால் வேண்டாம்.

4. கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள்; பாதியில் நின்றால் அந்தக் கத்தியை விறகு பிளக்க அடிக்கக் கூடாது.

5. வெட்டுக்கு அளவுகோல் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்த மலைகளில் கவ்வாத்து நடக்கிறது. கவ்வாத்துக் கத்தி கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். கிழிந்தால் செடிக்குக் கேடு. நீங்களும் வீட்டுக் கொய்யாவில் விரல் பருமன் குச்சியைச் சாய்த்து வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கத்தி தேறியது.

6. கண்டி மழைக்குக் காபன் இரும்பு ஒரே இரவில் துருவேறும். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். வீட்டில் கத்தியை உறைக்கு வெளியே வையுங்கள்.

7. நக்கிள்ஸ் 2010 முதல் உலக மரபுரிமைக் காட்டின் பகுதி. அங்கே பச்சைக் கொப்பில் கத்தி படக் கூடாது. கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பி வரும்போது தலதா மாளிகைக்குப் போக நினைத்தால், வாசலில் சோதனை உண்டு; கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.