சொல் அம்பு

பாகவதத்தில் வரும் துருவன் ஐந்து வயதுப் பாலகன். தந்தையின் மடியில் ஏற முயன்றவனைச் சிற்றன்னை சுருசி கடுஞ்சொல்லால் தடுத்தாள். தவமிருந்து திருமாலைக் கண்டபோதும் அச்சொல் அம்பு நெஞ்சில் தைத்திருந்தமையால், அவன் முத்தியைக் கேளாது உயர்பதத்தையே வேண்டினான். பின்னர் அதற்காக வருந்தினான். கடவுளைக் கண்ட பிள்ளைக்கே இந்நிலையெனில், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்த எம்மிற் சிலர், வகுப்பறையில் "அகதி" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்தோம். தலை நரைத்தும் அது மறக்கவில்லை. அவ்வடுவை அறிந்த நாமே இன்று பிள்ளைகளைக் கறுவல், கட்டையன், மொக்கு எனப் பட்டஞ்சூட்டி அழைக்கலாமா? பகிடி என்பது சொன்னவருக்கு மட்டுமே.

துருவன் அழுதுவந்தபோது தாய் சுநீதி பிறருக்குத் தீங்கு நினையாதே என்று தேற்றி, இறைவனை வழிகாட்டினாள். அழுதுவரும் பிள்ளையை நாமும் அவ்வாறே அணைப்போம். அம்பாள் நம் நாவில் இன்சொல்லாய் அமர்வாளாக.