காய்ச்சினாலும் நீங்காத ஃபுளோரைடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. இது எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி. நீரில் கரைந்திருக்கையில் கண்ணுக்குப் புலப்படாது, மணமும் இராது. ஆகவே வேதிப்பொருளின் துணைகொண்டு இதனைக் கண்டறியலாம்.

அவ்வாறு கண்டறியும் உணர்விக்கு இரு பகுதிகள் தேவை: அயனியைப் பற்றும் பகுதி ஒன்று; பற்றியதை நிறத்தால் அறிவிக்கும் பகுதி மற்றொன்று. நேர்மின்னூட்டமுடைய சிர்கோனியம், அலிசரின் சாயத்துடன் இணைந்து செந்நிறம் தருகிறது. ஃபுளோரைடு கலந்ததும் சிர்கோனியம் சாயத்தைவிட்டு அதனுடன் சேர்ந்துவிடும், செந்நிறம் மஞ்சளாகும். நிறம் மாறும் அளவைக் கொண்டு ஃபுளோரைடின் அளவை மதிப்பிடலாம்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைப் பல் உருவாகும் பருவத்தில் பருகிவரும் குழந்தைகளின் பற்களில் கறை படியலாம். அளவு மேலும் மிகுந்து, பல்லாண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும், ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆதலால், காய்ச்சிய நீர்தானே என்று அமைதி கொள்ளாமல், தங்கள் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்து அறிந்துகொள்ளுங்கள்.