ஓய்வுக் காலமும் அதற்கு முன் செய்யத்தக்கனவும்

தொழில் செய்து வாழ்வார் யாவர்க்கும் ஒரு நாள் அத்தொழில் ஒழிவது திண்ணம். பிணியும் இறப்பும் வரும் நாளை அறிவார் இலர். ஓய்வு வரும் நாளையோ யாவரும் அறிவர். அறிந்த நாளுக்கு ஆயத்தஞ் செய்யாதிருத்தல் அறிவுடையார் செயலாகாது.

இதற்கு உவமை தேடி மஸ்கெலியாவில் வாழ்வார் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. 1960-களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. நீர் வருமென்பது முன்னரே தெரிந்தமையின் புதிய நகரம் மேட்டிலே எழுந்தது. நீர் மிக வற்றுங் காலத்துப் பழைய கோயிலின் சுவர்கள் வெளிப்படுவதை இன்றும் காண்கின்றோம். ஓய்வும் அத்தகைய நீரே. அது வருமுன் மேட்டில் இடங் கண்டவரே அதனால் அலைக்கப்படார். ஆதலின் தோட்டத் தொழிலாளர் ஓய்வுக்குப் பத்தாண்டு முன்னரே எண்ணத்தக்கவற்றை ஈண்டு நால்வகையாக வகுத்துக் கூறுவாம்.

முதலாவது, கணக்கு. அரசாங்க உத்தியோகத்தர்க்கு உள்ளதுபோன்ற மாதாந்த ஓய்வூதியம் தோட்டத் தொழிலாளர்க்கு இல்லை. அவர்க்கு உரியன மூன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளர் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் நூற்றுக்கு 12 செலுத்துதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொள்வோரே நூற்றுக்கு 3 செலுத்துவர். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டு சேவை நிறைந்த நாட்சம்பளத் தொழிலாளர்க்கு ஆண்டொன்றுக்கு 14 நாட்சம்பளம் பணிக்கொடையாக உரியது. முப்பதாண்டு கொழுந்தெடுத்தவர்க்கு 420 நாட்சம்பளம் வருமென்க. இதனை வேலை நின்று 30 நாளுக்குள் கொடுத்தல் தொழில் கொள்வோர் கடமை.

உரிமை இருப்பதனால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடாது. செக்ரோலில் ஒரு பெயரும், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும், அடையாள அட்டையில் மற்றொரு பெயருமாக இருப்பார் நம்மவருட் பலர். பிரட்டுக்களத்தில் அழைத்த பெயரே கணக்கில் ஏறியதனால் விளைந்த கேடு இது. ஓய்வு பெற்றபின் இதனைத் திருத்தப் புகுவோர் சத்தியக்கடதாசியுங் கையுமாக அலுவலகந்தோறும் அலைய நேரிடும். தொழிலில் இருக்கும்போதே மூன்று பெயரையும் ஒப்பிட்டுத் திருத்துக. உறுப்பினர் இலக்கத்தைப் பிள்ளைகளும் அறியுமாறு எழுதி வைக்க. பின்னுரித்தாளர் பெயரையும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க.

இரண்டாவது, பணத்தின் காவல். சேமலாப நிதியை ஆடவர் 55 வயதிலும் பெண்டிர் 50 வயதிலும் பெறத்தகுவர். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமோ குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக உயர்த்திற்று. பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்ந்தது ஒரே நாளிற் பெருந்தொகையாக வரும். வந்த செய்தி லயன் முழுவதும் பரவும். மகளின் திருமணம், மகனுக்கு முச்சக்கர வண்டி, உறவினர் கடன், சடங்கு விருந்து என ஓராண்டுக்குள் அது கரைந்தொழிதலுண்டு. மக்கட்கு உதவுதல் குற்றமன்று. தாம் வாழ்தற்கு உரியதையும் உதவிவிடுதலே குற்றம். ஆதலின் பணம் வருமுன்னரே குடும்பத்தாரை ஒருங்கிருத்தி, பகிர்வதற்கு இவ்வளவு, வைப்பிலிட்டு மாதந்தோறும் வட்டி பெறுதற்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு எனப் பிரித்துச் சொல்லிவிடுக. வந்தபின் மறுத்தல் அரிது. முன்னரே வரையறுத்தல் எளிது.

மூன்றாவது, இருப்பிடம். லயன் காம்பரா தோட்டத்துக்கு உரியது. அதற்கு உறுதிப்பத்திரம் நம்மவர் பலரிடம் இல்லை. புதிய தனிவீடு பெற்றவர் அதன் பத்திரம் யார் பெயரில் உள்ளதென அறிந்து கொள்க. பத்தாண்டு உறுப்பினராக இருந்தோர், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சேமலாப நிதியில் நூற்றுக்கு 30 வரை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முன்னரே பெறலாம். கூரை செப்பனிடல் போன்ற நிலைத்த தேவைக்கன்றி அதனைத் தொடாதிருத்தல் நன்று.

நான்காவதும் தலையாயதும் பணி. விடியலில் பிரட்டுக்குச் சென்று பழகிய உடம்புக்கு, செல்லுமிடம் இல்லாத முதற் காலை பெருஞ்சுமையாகும். அவ்வெறுமையை நிரப்பக் கள்ளுஞ் சாராயமும் காத்திருக்கும். ஓய்வாவது தொழில் ஒழிவன்று. பிறர் ஏவிய தொழில் நீங்கித் தாம் விரும்பிய தொண்டு தொடங்குதலாம். நம் சமயத்து முதியோர்க்கு முன்மாதிரி திருநாவுக்கரசர். அவர் 81 ஆண்டு வாழ்ந்தனர் என்பதும், முதுமையிலும் உழவாரப்படையைக் கைவிட்டிலர் என்பதும் மரபு.

நம் முதியோர்க்குத் தொண்டு குறைவில்லை. மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாதமலைக்கு வருவார்க்கு நல்லதண்ணியில் தண்ணீரும் இளைப்பாற இடமும் உதவலாம். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் அறிந்தோர் இளைஞர்க்குக் கற்பிக்கலாம். காய்கறித் தோட்டமும் கறவை மாடும் உடம்புக்கும் செலவுக்கும் உதவும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுதலைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் சங்கம் அமைந்து நடக்குமாயின், தனித்து நிற்பார்க்கு அச்சட்டத்தின் பயனை எடுத்துச் சொல்லலாம்.

இனிப் பெண்டிரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஆடவர் ஓய்வு பெற்றபின் திண்ணையில் அமர்வர். பெண்டிரோ கூடையை இறக்கிய அன்றே பேரக்குழந்தையை இடுப்பில் ஏற்றுவர். மகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குச் சென்றிருப்பின், பாட்டியே மீண்டும் தாயாகின்றாள். அன்பினாற் செய்வதாயினும் அதுவும் தொழிலே. பிள்ளை வளர்க்கும் பொழுதும், அதற்கான செலவும், அவள் இளைப்பாறும் நேரமும் இன்னவென மக்கள் முன்னரே பேசி வரையறுத்தல் வேண்டும். அவள் பெயரில் வந்த பணம் அவள் பெயரிலேயே நிற்றல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வீட்டில் அவளுக்கு ஓய்வு என்பது சொல்லளவே.

அன்பர்காள், நாற்பத்தைந்து வயதைக் கடந்தார் ஒவ்வொருவரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே தம் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் ஒருங்கு வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பாராக. படிக்க அறியாதார்க்கு அயல்வீட்டு மாணவர் படித்துக் காட்டுவாராக. நீர் ஏறுமுன் மேட்டில் இடும் முதற் கல் அதுவேயாகும்.