பறிக்கப்பட்ட கொடி

நியூயார்க்கில் குடியேறிய ஸ்காட்லாந்து மக்கள் 1859ஆம் ஆண்டில் ஒரு தன்னார்வப் படையை அமைத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், அது 79ஆம் நியூயார்க் காலாட்படை என்னும் பெயரில் வடமாநிலங்களின் சார்பாகக் களம் புகுந்தது.

1861 ஜூலை 21 அன்று நடந்த புல் ரன் போரில் அதன் தலைவர் ஜேம்ஸ் கேமரன் வீழ்ந்தார். மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என ஏறத்தாழ 200 பேரைப் படை இழந்தது. எஞ்சியோர் ஊர் திரும்பி ஆள் சேர்க்க விரும்பினர், அனுமதி கிடைக்கவில்லை. தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கவும் எண்ணியிருந்தனர். அரசோ ஐசக் ஸ்டீவன்ஸ் என்னும் வெளியாரை அமர்த்தியது. ஆகஸ்ட் 14 அன்று அவர்கள் கட்டளைக்குப் பணிய மறுத்தனர். அவர்தம் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் போர்க்காலத்தில் அது கலகமே. பீரங்கிகளுடன் வந்த படை அவர்களைச் சூழ்ந்தது. முன்னின்றோர் சிறைப்பட்டனர். படைத்தலைவர் மெக்லெல்லன் அவர்களுடைய கொடியைப் பறித்தார்.

புகை மண்டிய களத்தில் வீரர் திரள வேண்டிய இடத்தைக் காட்டுவது கொடியே. அதனை இழத்தல் உயிரிழப்பினும் பெரிய இழிவாகக் கருதப்பட்டது. செப்டம்பரில், நன்னடத்தைக்காக அது திருப்பியளிக்கப்பட்டது.

1862 ஜூன் 16 அன்று செசஷன்வில் கோட்டையை இப்படை தாக்கியது. தாக்கியோருள் அலெக்சாண்டர் கேம்பல் இருந்தார். கோட்டையைக் காத்தோருள் அவருடைய உடன்பிறந்தார் ஜேம்ஸ் இருந்தார். இருவரும் உயிர் பிழைத்தனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று, இடியும் மழையும் சூழ்ந்த சாண்டிலிக் களத்தில் கொடி ஏந்திய வீரர் சாய்ந்தார். அப்போது தளபதியாக உயர்ந்திருந்த ஸ்டீவன்ஸ், தம் பழைய படையின் அக்கொடியைத் தாமே ஏந்தி முன்னேறினார். தலையில் குண்டு பாய்ந்து, கொடியுடன் வீழ்ந்தார்.