கனமும் பாரமும்

வேதபகுதி: ஆதியாகமம் 47, 48 அதிகாரங்கள், யாத்திராகமம் 20:12



வீடு சந்திக்கப் போனால், ஜெபம் முடிந்து வாசலில் செருப்பு போடுகிற நேரத்தில்தான் ஜனங்கள் மனதிலுள்ளதைச் சொல்லுகிறார்கள். "அப்பாவை வச்சிக்கிட்டும் இருக்க முடியல பாஸ்டர், விட்டுட்டும் இருக்க முடியல" என்பார் மகன். உள்ளே கட்டிலில் இருக்கிற தகப்பனாரோ, "பையன் நல்லாத்தான் பாத்துக்கிறான் ஐயா. ஆனா மாத்திரைக்குக் காசு கேக்க வாய் வரமாட்டேங்குது" என்று ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருப்பார். இரண்டு பேருக்கும் அன்பு உண்டு. இரண்டு பேருக்கும் ஒரு கசப்பும் உண்டு. இப்படி நினைப்பது பாவமா என்று இருவருமே பயப்படுகிறார்கள்.

1. இரண்டும் ஒரே இருதயத்தில் இருக்கும்

என் தாயார் எங்களோடுதான் இருக்கிறார்கள். விடியற்காலம் நாலு மணிக்கு அவர்கள் ஜெபிக்கிற சத்தம் எனக்குப் பெலன். அதே சத்தத்தில் என் தூக்கமும் போய்விடுகிறது. இரண்டும் உண்மைதான். 1998-ம் வருஷத்தில் குர்ட் லூஷர், கார்ல் பில்லெமர் என்ற இரண்டு அறிஞர்கள் இதைக் குறித்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். வயதான பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நடுவே வெறும் பாசம் என்றோ, வெறும் சண்டை என்றோ பார்க்கக்கூடாது, இரண்டும் கலந்தே இருக்கும் என்பது அவர்கள் கருத்து. வேதம் இதை அவர்களுக்கு வெகுகாலம் முன்பே காட்டியிருக்கிறது.

2. யோசேப்பும் யாக்கோபும்

யோசேப்பு 17 வயதில் தகப்பனைப் பிரிந்தான் (ஆதி. 37:2). யாக்கோபு எகிப்தில் உயிரோடிருந்ததும் 17 வருஷம் (47:28). தன்னை 17 வருஷம் வளர்த்தவரை அவன் 17 வருஷம் போஷித்தான்! ஆனாலும் அவர்கள் ஒரே வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை. தகப்பன் வியாதியாயிருக்கிறார் என்று ஒருவர் வந்து சொல்ல, யோசேப்பு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனான் (48:1).

அந்தக் கடைசி நேரத்திலும் கருத்து வேறுபாடு வந்தது. யாக்கோபு இளையவன் எப்பிராயீமின் தலையில் வலதுகையை வைத்தார். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. கண் மங்கின அப்பா தவறிவிட்டார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்து எடுக்கப் பார்த்தான். தெரிந்துதான் செய்கிறேன் என்று தகப்பன் மறுத்துவிட்டார் (48:17-19). தேசத்துக்கே அதிபதியானவன், அதற்குமேல் வாதாடினதாக ஒரு வார்த்தையும் இல்லை. தகப்பன் மரித்தபோது அவர் முகத்தின்மேல் விழுந்து அழுதவனும் அவனே (50:1). மனஸ்தாபம் வந்ததினால் அன்பு பொய்யாகிவிடவில்லை.

3. கட்டளை எதைக் கேட்கிறது?

சீனாய் மலையடியில் நின்றவர்கள் சிறுபிள்ளைகள் மாத்திரமல்ல, வயதுவந்த ஜனங்களும்தான். கர்த்தர் அவர்களிடத்தில், பெற்றோரோடு எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று கேட்கவில்லை, கனம்பண்ணும்படி கேட்டார். எபிரெயுவில் அந்தச் சொல்லின் வேர் 'கனமாயிரு', அதாவது பாரமாயிரு என்பது. தமிழிலும் பாருங்கள், கனம் என்றால் மரியாதை. கனம் என்றால் எடை! யாக்கோபின் கண்கள் வயதினால் மங்கினது என்று சொல்லுகிற இடத்திலும் (48:10) எபிரெயுவில் இதே வேர்ச்சொல்தான். முதுமையினால் கனத்துப்போன கண்களையுடையவரைத்தான் கனம்பண்ணவேண்டும். ஆகவே பாரமாய்த் தெரிகிறதே என்று மிரளவேண்டாம். பாரம் தெரிகிறவன்தான் சுமக்கிறவன். கீழே போட்டவனுக்குப் பாரம் தெரியாது.

4. பிள்ளைகளுக்கு

பெற்றோருக்குரியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:10-13). ஊழியக்காரனாகிய நானே சொல்லுகிறேன்: அம்மாவின் மருந்துக்குரிய பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடாதிருங்கள். இந்தியாவில் 2007-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, கவனிக்கப்படாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். சட்டம் பணத்தை வாங்கிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேச மகனைக் கொண்டுவராது. கேட்கும் முன்பே மாதச் செலவுக்கு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கூடப்பிறந்தவர்களும் பங்கெடுக்கட்டும். ஒரே மருமகள்மேல் எல்லாம் விழுந்தால், அது கனம்பண்ணுகிறதல்ல, கைகழுவுகிறது.

5. பெற்றோருக்கு

யாக்கோபு தன் அடக்கத்தைக் குறித்த விருப்பத்தை, மரண நாள் சமீபித்தபோது மகனை அழைத்து நேராகச் சொன்னார் (47:29, 30). நீங்களும் பேசுங்கள். தேவையை மகனிடம் சொல்லாமல் அடுத்த வீட்டில் சொன்னால், அது மகன் காதுக்குக் குறையாகத்தான் வந்து சேரும். கொடுக்கிற இடத்திலிருந்து வாங்குகிற இடத்துக்கு வருவது கஷ்டம்தான். ஆனால் வாங்கிக்கொள்வதும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கிற ஆசீர்வாதம். யாக்கோபு யோசேப்பின் அப்பத்தைச் சாப்பிட்டார். அவன் பிள்ளைகளை ஆசீர்வதித்ததும் அவரே.

ஜெபிக்க: இந்த வாரம் குடும்ப ஜெபத்தில், "எனக்குக் கஷ்டமாயிருக்கிறது" என்பதையும், "நீங்கள் எனக்கு வேண்டும்" என்பதையும் சேர்த்தே கர்த்தருக்கு முன்பாகச் சொல்லுங்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.