ஓலையும் மருத்துவ ஏடும்

திருநாவலூரில் தோன்றிய நம்பியாரூரரின் திருமண நாளன்று முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என வழக்குரைத்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். முதியவர் காட்டிய ஓலையை ஆரூரர் சினத்தால் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையோர், ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். வந்தவர் இறைவன் என்பதை அவர்கள் அறியார்; எழுத்துச் சான்றே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

அத்தகைய ஓலையை இன்று நாள்தோறும் எழுதுவோர் மருத்துவர். அடிபட்டவரோ நஞ்சுண்டவரோ அரசு மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர் காயத்தையும் காலத்தையும் அழைத்துவந்தவர் பெயரையும் விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கிறார். நள்ளிரவில் விரைந்தெழுதிய அவ்வரிகள் பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் சொல் சொல்லாக ஆராயப்படும்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி மருத்துவமனைகளில் பலர் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். அறிகுறிகள் தோன்றப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் கிடைத்தால் உயிர் தப்பலாம். ஆனால், இத்தகைய நஞ்சு உண்டவர் காவல் துறைக்கு அஞ்சியோ நாணியோ வயிற்றுவலி என்று மட்டும் சொல்லக்கூடும். நோயாளியின் மறைபொருளைக் காப்பது மருத்துவ அறம். நஞ்சுண்ட செய்தியைத் தெரிவிப்பது சட்டக் கடமை. இவ்விரண்டும் மோதுவதுபோல் தோன்றினும், அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்கும் அண்டைவீட்டாரை எண்ணும்போது எது முந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இறப்பின் காரணத்தை எழுதுவது இதனினும் கடினம். உறவினரும் செய்தியாளரும் அதிகாரிகளும் உடனே விடை கேட்பர். உடற்கூறாய்வு செய்த மருத்துவரோ உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்திற்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை தம் கருத்தை நிறுத்திவைக்கிறார். அது தயக்கமன்று, அறியாததை அறிந்ததாக எழுதாத நேர்மை.

எழுத்துப் பணி சிகிச்சைக்கு முந்திவிடலாகாது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, காவல் வழக்குகளை ஏற்க உரிமையில்லை என ஒரு மருத்துவமனை தொலைவிலிருந்த வேறொன்றிற்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். பரமானந்த் கட்டாரா தொடுத்த பொதுநல வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்ட நடைமுறைகள் பின்னரே என ஆணையிட்டது.

இசைவு பற்றிய தீர்ப்பு 2008-இல் வந்தது. நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் இசைந்த பெண்ணொருவருக்கு, மயக்கத்தில் இருந்தபோது தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அவ்வொப்புதல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வீட்டுப் பெரியவர் கையெழுத்திட்டால் போதும் என்னும் நம் ஊர் வழக்கத்தை இத்தீர்ப்பு ஏற்கவில்லை.

எழுதியது சான்றாவதுபோல எழுதாததும் சான்றாகும். 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வார அளவிலேயே பிறந்த பெண் குழந்தை, 1,250 கிராம் எடையுடன் பிழைத்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய்க்கான பரிசோதனை உரிய வாரங்களில் நடைபெறவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், குழந்தையை வீட்டிற்கு அனுப்பியபோது தந்த குறிப்பை எடுத்துப் பார்த்தது. கண்ணுக்கு நேரக்கூடிய கேடு பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் ஒரு வரியும் அதில் இல்லை.