எரிந்த எலும்புகளும் எஞ்சிய ஏடுகளும்

நுழையும்முன்

ஊனுண்ணும் டைனோசர்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று ஸ்பைனோசரஸ். அது பூமியிலிருந்து மறைந்து ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்குப் பின், அதன் எலும்புகளும் மனிதர் மூட்டிய போர்த்தீயில் அழிந்தன. எஞ்சிய ஏடுகளின் துணையுடன் அதன் வாழ்வை ஆய்வாளர்கள் மீட்டறிந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாலையில் கிடைத்த புதையல்

எகிப்து நாட்டின் மேற்குப் பாலைவனத்தில் பஹாரியா என்னும் பசுஞ்சோலை உள்ளது. இன்று மணல் சூழ்ந்த அந்நிலம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலோரச் சதுப்புநிலமாக இருந்தது. அங்கு 1912ஆம் ஆண்டில், ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமருக்காகப் புதைபடிவங்களைத் தேடிய ரிச்சர்டு மார்க்கிராஃப் விந்தையான எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி எழுந்த முட்களுள் மிக நீண்டது 1.65 மீட்டர் உயரம் இருந்தது. அம்முட்கள் தோலால் போர்த்தப்பட்டுக் கப்பலின் பாய்போல் நின்றிருக்க வேண்டும். ஸ்ட்ரோமர் ஒவ்வோர் எலும்பையும் அளந்து, படம் வரைந்து, 1915இல் அவ்விலங்குக்கு ‘ஸ்பைனோசரஸ் எகிப்தியாகஸ்’ எனப் பெயரிட்டார். ‘எகிப்தின் முள்பல்லி’ என்பது அப்பெயரின் பொருளாகும்.

போர்த்தீ

அவ்வெலும்புகள் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, அவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுமாறு ஸ்ட்ரோமர் வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1944 ஏப்ரல் 24ஆம் நாள் இரவில் தொடங்கிய வான்தாக்குதலில் அருங்காட்சியகம் எரிந்தது, எலும்புகளும் அழிந்தன. ஸ்ட்ரோமர் வெளியிட்ட கட்டுரைகளும் படங்களுமே எஞ்சின. 2000ஆம் ஆண்டில் அருங்காட்சியக ஆவணங்களிலிருந்து அவ்வெலும்புகளின் ஒளிப்படங்கள் சிலவும் கிடைத்தன.

மீண்டெழுந்த உருவம்

மொராக்கோவின் கெம் கெம் பகுதியில் கிடைத்த மற்றோர் எலும்புக்கூட்டை நிசார் இப்ராகிம் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்து, 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். புதிய எலும்புகளை ஒப்புநோக்க ஸ்ட்ரோமரின் அளவுகளும் படங்களும் பெரிதும் துணைநின்றன. ஏறத்தாழ பதினான்கு மீட்டர் நீளம் வளரக்கூடிய ஒரு விலங்கின் உருவம் மெல்லத் தெளிவு பெற்றது.

அதன் முகவாய் முதலையினுடையதைப் போன்று நீண்டு குறுகியிருந்தது. மூக்குத் துளைகள் முகவாயின் நுனியில் இல்லாமல் பின்னோக்கி அமைந்திருந்தன. இறைச்சியை அறுக்க உதவும் அரம்போன்ற விளிம்பு அதன் பற்களில் இல்லை. கூம்பு வடிவான அப்பற்கள் வழுக்கும் இரையைப் பற்றிக்கொள்ளவே ஏற்றவை. மொராக்கோவில் கிடைத்த வேறொரு மேல்தாடையில், பல்லுக்கு அருகே மீனின் முள்ளெலும்பு ஒன்று சிக்கியிருந்தது. இச்சான்றுகளிலிருந்து மீனே அதன் முதன்மை உணவு என்பது புலனாகிறது.

முடிவுறாத வினா

அது மீனை எவ்வாறு பிடித்தது என்பதில் ஆய்வாளர்கள் கருத்து வேறுபடுகின்றனர். 2020இல் அதன் வால் பற்றிய ஆய்வு வெளிவந்தது. உயர்ந்து தட்டையான அவ்வால் துடுப்புபோல் நீரை உந்தியிருக்கும் என்றும், செறிவான எலும்புகள் மூழ்குவதற்கு உதவியிருக்கும் என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். அதன் பேருடல் நீருக்கடியில் விரைந்து நீந்தத் தடையாக இருந்திருக்கும் என்பது மற்றொரு சாராரின் வாதம். அவர்கள் கருத்துப்படி, அது ஆழமற்ற நீரில் நின்று, கொக்கைப்போல் காத்திருந்து இரையைக் கவ்வியது. இரு சாராரும் எலும்புகளையே சான்றாகக் காட்டுகின்றனர். புதிய சான்று கிடைக்கும்போது பழைய முடிவைத் திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பு.

இவ்விவாதத்தின் வேர் 1915ஆம் ஆண்டின் ஏடுகளில் உள்ளது. எலும்புகளைக் காக்க ஸ்ட்ரோமர் எடுத்த முயற்சி தோற்றது. ஆனால், அவர் பிழையற அளந்தெழுதிய குறிப்புகள் நிலைத்தன. 1952இல் மறைந்த அவர் மொராக்கோ எலும்புக்கூட்டைக் கண்டதில்லை. எனினும், அதனை இனங்கண்டவர்கள் அவர் வரைந்த படங்களையே விரித்துப் பார்த்தனர்.